கார் போனவரின் வாக்கு

கனடாவில் பிறந்தவர்களிலும் இனிப் பிறக்கப்போகிறவர்களிலும் பெரிய பொறுமைசாலி, பக்கத்து வீட்டுத் தவயோகராசா அங்கிள்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். போன கிழமை அவருடைய புதுக் கார் களவு போனது.

அதைச் சாட்டாக வைத்து, எங்கள் மேல் சந்தேகப்பட்டு, பின்னேரங்களில் நாங்கள் பாஸ்கட்போல் விளையாடும் மண்டபத்தைப் பூட்டவேண்டுமென்று எங்கள் ரூஜ் பகுதி ஆட்கள் கூட்டம் கூட்டினார்கள்.

"உவங்களைப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்!" என்று ஓர் அன்ரி கத்தினார்.

அங்கிள் எழும்பினார். "போனது என்ர கார், பிள்ளை. பிடிக்கிறவங்கள் கள்ளனைப் பிடிக்கட்டும். மண்டபத்தையும் பூட்டினால் உந்தப் பெடியள் எங்க போறது?"

கடைசியில் பூட்டுவதில்லை என்று முடிவானது. நான் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வெளியேறினேன். வாசலில் அங்கிள் மறித்தார்.

"என்னடா, அழுதனியோ?"

"இல்லை அங்கிள், பூ அலர்ஜி."

"ஜனவரியிலயோ?"