மேகமலை மிலிட்டரி ஸ்கூல்

இன்று சின்னமனூரில் மேகமலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் புது டிரங்குப் பெட்டி. ஜன்னலோரம் முடியை ஒட்ட வெட்டிய மகன், காதில் ஹெட்செட்.

"எங்கண்ணே?"

"மேகமலைக்கு. பயலை மிலிட்டரி ஸ்கூல்ல விடப் போறேன்."

மேகமலையில் தேயிலையும் ஏலக்காயும் உண்டு. மிலிட்டரி ஸ்கூல் எப்போது வந்தது? பட்டாளத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டத்தை நமக்குத் தெரியாதா?

"யாருண்ணே வரச் சொன்னது?"

"எங்க ஊரு மார்க்கையன்கோட்டைக்கே வந்து ஆளெடுத்தாக. சேட்டை பண்ற பயலுகதான் வேணும்னு சொன்னாக."

"சேட்டை பண்றவனை எந்த மிலிட்டரில எடுக்குறாக?"

மகன் ஹெட்செட்டைக் கழற்றினான். "சினிமாண்ணே. யுத்த காலத்துக் கதை. அடங்காத பயலுகள மிலிட்டரி ஸ்கூல்ல போட்டுத் திருத்துறாக. அதுல நானும் ஒருத்தன்." மறுபடி மாட்டிக்கொண்டான்.

பாவம், அப்பாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக் காதோரம் சொன்னேன். "அண்ணே, அது வெறும் செட்டு. படம் முடிஞ்சதும் பிரிச்சிருவாக."

அவரும் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் தம்பி. ஆனா அங்கன விடியுமுன்ன விசிலடிச்சு எழுப்பி ஓட விடுறாகளாம். செல்லையும் வாங்கி வச்சுக்கிறாக. நான் சொன்னா கேக்குறானா? நடிப்புன்னா கேப்பான். அவன்ட்ட சொல்லிராதீக."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த செல்லையே பார்த்தபடி கேட்டார்: "எந்த வயசு வரைக்கும் எடுக்குறாக?"

இப்போது பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்கிறார். எதற்கென்று கேட்டால், பெட்டியைத் துடைக்கத் துணி தேடுகிறார்.

உங்களுக்கும் சந்தேகம் வருகிறதா, இல்லை எனக்கு மட்டும்தானா?