ராமசுப்பு சுற்றிய மூன்று காயில்

ராமசுப்பு அண்ணாச்சி பிளாஸ்டிக் தட்டின் விளிம்பில் காப்பர் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை தட்டைத் திருப்பியது. வலது கட்டைவிரல் கம்பியை அழுத்தியது. கோவில்பட்டியில் நாற்பது வருஷம் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய கை. வாய்க்குள்ளேயே எண்ணினார்.

"ஏங்க, கெடச்சுதா?" என்றாள் கட்டிலில் கிடந்த அவர் மனைவி வெயிலம்மாள்.

எண்ணிக்கை விட்டுப்போனது. கம்பியை அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

வெயிலம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸ் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை. அவளைத் துடைப்பதும், புரட்டிப் படுக்கவைப்பதும், கஞ்சி கொடுப்பதும் என் பொறுப்பு.

அவள் கேட்டது தாலியை. ஆறு வருஷத்துக்கு முன், கடம்பூர்ப் பக்கம் அவர்களுடைய காட்டில் பருத்தி எடுக்கும்போது கயிறு அறுந்து, தங்கப் பொட்டு கரிசல் மண் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. முழங்கை வரை கையை விட்டும் அடி தட்டவில்லை. பிறகு மழை பெய்து வெடிப்பு மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டுதான்.

"புதுசு எடுத்துத் தாரேன்னேன், கேக்க மாட்டேங்கா," என்றார் என்னிடம்.

"புதுத் தாலின்னா புது மாப்பிள்ளையில்லா வேணும்? இந்த வயசுல எங்க போயித் தேட?" என்றாள் அவள். சிரித்து முடித்துவிட்டு, "மஞ்சத் துண்டோட என்னய அனுப்பிராதீங்க," என்றாள்.

பாதம் வீங்கிய அன்று அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பத்து நாளுக்கு மேல் தாங்காது என்று சொன்னேன்.

"ஒரு காயிலுக்கு மூணு நாளு. போதும்," என்றார்.

மண்ணில் புதைந்த உலோகத்தைக் கண்டால் கத்தும் கருவி ஒன்றை அவரே செய்துகொண்டிருந்தார். அதற்கான மின்பலகையைக் கூரியரில் வரவழைத்திருந்தார். மண்ணுக்குள் இருப்பதை அறிவது காயில்தான். முதல் காயில் சுளகு அகலம். அது கத்திய இடங்களைத் தோண்டி, ஒரு கலப்பைக் கொழுமுனையும் டிராக்டர் போல்ட்டும் கொண்டுவந்தார்.

"பழைய இரும்புக்கடை போட்டிருவோம். தாலிய எனக்குக் கட்டுனதுக்குப் பதிலா இந்தக் கம்பிக்குக் கட்டியிருந்தா தொலஞ்சிருக்காது," என்றாள்.

இரண்டாவது காயில் காப்பி வட்டா அளவு. என் மோதிரத்தை மேசையில் வைத்ததும் கத்தியது. மண்ணுக்குள் நாலு விரல்கடை தாண்டினால் சத்தமே இல்லை.

"பெருசு ஆழம் போவும், புளியங்கொட்ட அளவு பொருளுக்குக் கத்தாது. சின்னது கத்தும், ஆழம் போவாது."

"ரெண்டும் செய்யிற காயில்?"

"கெடையாது நர்சம்மா."

"அப்ப மூணாவது எதுக்குச் சுத்துதீங்க?"

"அவ கேக்குதால்லா."

அந்த மூன்றாவதுதான் இந்தத் தட்டு. சுற்றி முடித்து, கம்பியின் மேல் வெள்ளித்தாளை, முனைகள் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டி, டேப் போட்டார். மறுநாள் விடியும்முன் காட்டுக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அவளுக்கு மூச்சு மாறியது. "அவிய எங்க?" என்றாள்.

"காட்டுக்குப் போயிருக்காவ."

"வெயிலு ஏறுது. வரச் சொல்லு."

போன் செய்தேன். அவர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே முடிந்துவிட்டது. முழங்காலெல்லாம் மண்ணோடு உள்ளே வந்தார். அணைக்க மறந்த கருவி, இரும்புக் கட்டிலை நெருங்கியதும் விடாமல் கத்தியது. நான் வாங்கி சுவிட்சை அணைத்தேன்.

அன்று மாலையே மஞ்சள் துண்டோடு அனுப்பினோம்.

மறுநாள் காலை காடாற்று. பால் ஊற்றியபின் சாம்பலைத் திருச்செந்தூர்க் கடலுக்கு அவர் தம்பி எடுத்துப்போனார். ஒரு பிடியை மட்டும் அண்ணாச்சி துண்டில் முடிந்து வைத்துக்கொண்டு, "கூட வாரீங்களா?" என்று என்னிடம் கேட்டார். கருவியை எடுக்கவில்லை. கடம்பூர் பஸ்ஸில் போனோம்.

காடு மறுபடியும் வெடித்துக் கிடந்தது.

"பொட்டு விழுந்தது எந்த இடம்னு தெரியுமா?"

"இந்தப் பக்கம்தான்."

மண்டி போட்டு, முடிச்சை அவிழ்த்து, சாம்பலைக் கையில் அள்ளி, முழங்கை வரை வெடிப்புக்குள் விட்டுக் கையைத் திறந்தார். காற்று கொஞ்சம் சாம்பலை மேலே தூக்கியது. குடிக்கக் கொண்டுபோயிருந்த தண்ணீரை நான் அதன்மேல் ஊற்றினேன்.