தங்கச்சி வாங்கிய நூற்றுப்பத்து

எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபது என்று வந்த நாளிலிருந்து நான் பாதி டாக்டராகிவிட்டேன். அதற்கு முன்பு அந்தச் சொல்லை வாய் குழறாமல் சொல்லக்கூடத் தெரியாது. விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அப்போது நான் சூப்பர்வைசர். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். வேலை செய்கிறவர்களையெல்லாம் வெறும் வயிற்றோடு லேபுக்கு அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தேன். ரிப்போர்ட்டு வந்ததும் பரீட்சை மார்க்கு மாதிரி சத்தமாக வாசித்தேன். குறைத்து வாங்கினவர்தான் கெட்டிக்காரர்.

என் தங்கச்சிக்கு நூற்றுப்பத்து. இருப்பதிலேயே அதுதான் குறைவு. அவளைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். ஒரே இழுப்பில் புருவம் விழும். அழித்து எழுதி நான் பார்த்ததில்லை. "பாத்துக்குங்க, எங்க வூட்டு ரத்தம்" என்று அவள் ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதே வீட்டு ரத்தம்தான் எனக்கும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வருஷம் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். மதியத்தில் என் டிபன்பாக்ஸிலிருந்தும் ஒரு பிடி எடுத்துச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் வேர்க்கும். "ஒடம்புன்னா இப்படி இருக்கணும்" என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினேன். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது, புருவம் கோணியது. கொலு ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவள் எழுதிய பதினொரு பொம்மைகளை எல்லோர் முன்னாலும் எடுத்து உடைசல் கூடையில் போட்டேன். அவள் பிரஷ்ஷைத் துடைத்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி கேட் ஓரமாக நின்று பேச்செடுத்தாள்.

"அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது. நாலு அடி படபடன்னு வருது, அப்பறம் ஒண்ணு நின்னு வருது. வர்ற சனிக்கிழமை லீவு குடுத்தா கடலூர் போயி காட்டிட்டு வந்துடுவேன்."

"நூத்திப்பத்து வச்சிக்கிட்டு ஒனக்கு ஹார்ட்டு டாக்டர் கேக்குதா? அப்ப எனக்கு ஆம்புலன்ஸ்தான் வரணும். கொலு முடியட்டும், போம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "சரிண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போயிட்டு வரேன்." அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடி பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் டெஸ்பாட்ச் பில்லைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் வேலைக்கு வந்தாள். பத்து மணி இருக்கும், கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தாள், வலது கை வரவில்லை. என்னைக் கூப்பிட முயன்றாள். வாய் கோணிக்கொண்டு போனது. வேன் பிடித்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள் எல்லாப் பரிசோதனையும் வந்த பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அப்போதும் நான், வீட்டிலிருந்து தேடிக் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய ரிப்போர்ட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "கொலஸ்ட்ரால் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

"கொலஸ்ட்ரால் ஜாஸ்தியானா ரத்தக்குழாய் அடைக்கும்னு பயப்படுறோம். இவங்களுக்குக் கெட்டது இதயத் துடிப்பு. தாறுமாறா துடிச்சதுல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு. தைராய்டு அளவுக்கு மேல சுரக்குது, அதுலதான் துடிப்பு கெட்டிருக்கு." மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கொலஸ்ட்ரால் இவ்வளவு கம்மியா இருக்கறதுக்கும் அந்தத் தைராய்டே காரணமா இருக்கலாம். எளைச்சாங்களா? கை நடுங்குச்சா? படபடப்புன்னு சொன்னாங்களா?"

மூன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்தது அவளுடைய நோயைத்தான். துக்கம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம்.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். நடக்கிறாள், இடது கையால் சாப்பிடுகிறாள். வலது கை மடியில் கிடக்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் யாராவது, "நெஞ்சு படபடங்கறப்பவே காட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொல்வாள்: "அண்ணன் முன்னாடியே டெஸ்ட்டு எடுத்துப் பாத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க என்ன பண்ணுவாங்க?"

இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை லீவு கேட்டதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.