மவுஸை ஆட்டிப் பெற்ற விருது

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், என் மேசை மேல் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. இருக்கிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். திரையும் கீபோர்டும் மவுஸும் மட்டும் இங்கே. உள்ளே ஓடுகிறதெல்லாம் கொழும்பில். கொழும்பில் ஓடுவதன் படத்தை இங்கிருந்து பார்த்தபடி நான் வேலை செய்ய வேண்டும். இதைப் பொருத்த வந்த கம்பனி இளைஞர், "இனி உங்க ஆபீஸ்ல எதுவுமே கெட்டுப்போகாது மேடம், ஏன்னா இங்க எதுவுமே இல்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறெரியும்.

எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும். படம் அப்படியே உறைந்து நிற்கும். சிக்னல் திரும்பி வரும்போது எல்லாம் பழையபடி இருக்கும், பிரிண்டரைத் தவிர. என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டரைக் கொம்பியூட்டர் மறந்துவிட்டு, எங்கள் கம்பனிக்கு நமுனுகுலவில் உள்ள இன்னொரு தோட்டத்துப் பிரிண்டரைப் பிடித்துக்கொள்ளும். நான் இங்கே பட்டனை அமுக்குவேன், காகிதம் அங்கே போய் விழும். அங்குள்ள கிளார்க் நல்ல மனிதர். எங்கள் காகிதங்களைச் சேர்த்துக் கட்டி வாரத்துக்கு ஒரு தடவை லொறியில் அனுப்பிவைப்பார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் மவுஸைத் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். திரும்ப உள்ளே போக என் போனுக்கு ஒரு இரகசிய எண் வர வேண்டும். போனுக்குச் சிக்னல் கிடைப்பதோ கோயில் வளைவில் மட்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடி, எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடி வருவதற்குள் பாதித் தடவை அந்த எண்ணின் ஆயுள் முடிந்திருக்கும். எதிரே வரும் கொழுந்து பறிக்கும் பெண்கள், "மிஸ்ஸுக்கு என்னமோ நேர்த்திக்கடன் போல" என்று வழிவிட்டு நிற்பார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் எங்கள் ஆபீசுக்குத் தேத்தண்ணி ஊற்றும் அண்ணன். ஓய்வு பெற நாள் எண்ணிக்கொண்டிருந்த மனிதர். "பூட்டாம இருக்கணும், அம்புட்டுத்தானே மிஸ்?" என்றார். அன்றிலிருந்து, கோப்பையை வைக்க வரும்போதெல்லாம் மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். நாங்கள் பகல் சாப்பாட்டுக்கு எழுந்தால் முறைபோட்டு ஆட்டினோம். தபால் கொண்டு வருபவர் ஆட்டினார். தோட்டத்து மானேஜர் துரையைப் பார்க்க வந்து பெஞ்சில் காத்திருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் ஆட்டினார்கள்.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஒரு விருது வந்தது. கம்பனித் தோட்டங்களிலேயே புதிய முறையைத் தடையில்லாமல், இடைவிடாமல் பயன்படுத்துவது நாங்கள்தானாம். எத்தனை தடவை பூட்டிக்கொண்டது என்பதுதான் அவர்களுக்குத் தெரிகிற ஒரே கணக்கு. ஆட்டத் தொடங்கிய பிறகு எங்கள் திரை பூட்டியதே இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தச் சான்றிதழைத் துரை என் தலைக்கு மேலே மாட்டச் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தேத்தண்ணி அண்ணன் மட்டும் சட்டத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு, "இதுல நம்ம பேரு எங்க மிஸ்?" என்று கேட்டார்.

அதன் பிறகு எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். இந்த முறையில் என்னென்ன மேம்பாடு விரும்புகிறீர்கள், தயங்காமல் எழுதுங்கள் என்று. நான் தயங்கவில்லை. சிக்னல் போனாலும் கைவேலையை முடிக்க விடுங்கள், பிரிண்டர் நான் இருக்கும் இடத்தில் அடிக்கட்டும், தமிழில் எழுத விடுங்கள், பத்து நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக்குங்கள் என்று எழுதினேன். தமிழில் எழுத விடுங்கள் என்பதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. பதில் மறுநாளே வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துப் பதிவுகளில் ஒரு தடங்கலும் இல்லையாம். ஆகவே மேம்பாடு தேவைப்படவில்லை. எங்களுடைய நல்ல வழக்கங்களை மற்றத் தோட்டங்களுக்கும் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கீழே கேட்டிருந்தார்கள்.

அதற்கும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

ஒரு நாள் காலையில், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தார். மகளுக்கு மறுநாள் பதுளையில் ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. அழைப்புக் கடிதம் சுற்றி அலைந்து அன்றைக்குத்தான் கைக்கு வந்திருக்கிறது. பெற்றோர் இந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், இந்த லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள் என்று தோட்டத்துக் கடிதம் வேண்டும். ஒரு பக்கம்கூட வராது, நாலு வரி. அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பிள்ளை அவள்.

மழை பிடித்துக்கொண்டது. சிக்னல் போனது, வந்தது, போனது. மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகக் கடிதத்தை டைப் செய்து பிரிண்ட் கொடுத்தேன். என் பிரிண்டர் அசையவில்லை. மறுபடி மறுபடி கொடுத்தேன். ஆறாவது தடவை கொடுத்தபோது ஆபீஸ் போன் அடித்தது. "ஒங்க கடுதாசி ஒன்னு ஆறு பிரதி வந்து கெடக்குதுங்க மிஸ். லொறி வெள்ளிக்கிழமைதான்" என்றார் நமுனுகுல கிளார்க். அங்கே போய் எடுத்து, திரும்பி வந்து, எங்கள் துரையிடம் கையெழுத்து வாங்க ஒரு முழு நாள் வேண்டும். பிள்ளைக்கு மிச்சமிருந்தது அந்தப் பின்னேரம் மட்டும்.

அந்த நாலு வரியைக் கையால் எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. ஆனால் கையால் எழுதிய கடிதம் எதுவும் இனிச் செல்லாது என்று எங்கள் கம்பனியே எல்லா இடத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. நேர்முகப் பரீட்சையில் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டியே பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா மறுபடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்க மேல ஒன்னும் இல்லீங்க மிஸ். புள்ள பதுளையில ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகுது. நாங்க சமாளிச்சுக்கிறோம்" என்றார். திரும்பும்போது பழக்கதோஷத்தில் மவுஸையும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது, முதலில் கொழும்பு மேல், அப்புறம் என் மேலேயே. ஒவ்வொரு ஓட்டையையும் நாங்களே கையை வைத்து அடைத்து, ஓட்டையே இல்லை என்று காட்டியிருக்கிறோம். அதற்குக் கண்ணாடிச் சட்டமும் வாங்கியிருக்கிறோம். சான்றிதழைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். தேத்தண்ணி அண்ணனைக் கூப்பிட்டு, "இனி யாரும் ஆட்ட வேணாம்" என்றேன்.

"பூட்டிக்குமே மிஸ்!"

"பூட்டட்டும்."

பூட்டிக்கொண்டது. கோயில் வளைவுக்கு ஓடிப் போய் வந்து திறந்தேன். மறுபடி பூட்டிக்கொண்டது. அன்று பின்னேரம் ஆபீஸ் போன் அடித்தது. முன்பு கொம்பியூட்டரைப் பொருத்திவிட்டுப் போன அதே இளைஞர். "மேடம், உங்க தோட்டத்துல இன்னிக்கு நிறையத் தடவை பூட்டிருக்கே. ஏதாவது பிரச்சினையா?" இத்தனை காலத்தில் கொழும்பு எங்களை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா தம்பி. பேனா பேப்பர் எடுங்க."

"சொல்லுங்க மேடம், முதல் பிரச்சினை?"

"முதல்ல ஒரு பிள்ளையப் பத்திச் சொல்றேன்."

பேனா பேப்பருக்குப் பதிலாக அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்தான் கேட்டது. "அத நான் எந்தப் பிரிவுல போடுறது மேடம்?"

"எங்கயும் போட வேணாம்" என்றேன். "முதல்ல கேளுங்க."