கோஸ் தண்ணீரும் ஒன்பது மணிச் சாப்பாடும்

நவம்பரில் ராத்காவுக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது. பிப்ரவரி வந்தபோது அவள் படுத்துத் தூங்குவதையே விட்டிருந்தாள். சமையலறை மூலை நாற்காலியில் மூன்று தலையணையை முட்டுக்கொடுத்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறும். காலையில் குரல் கட்டியிருக்கும். குனிந்து தரை துடைத்தால் மார்பெலும்புக்குப் பின்னால் கொள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஐம்பத்தாறு வயதில் இதயம்தான் மக்கர் பண்ணுகிறது என்று முடிவே கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இதயம் என்று சொன்னால் ஊர் கூடும், அத்தனை பேருக்கும் அவள்தானே காப்பி போட வேண்டும்.

கீழ்வீட்டு கின்காவிடம் மட்டும் வயிறு சரியில்லை என்றாள். கோஸ் தண்ணீர் குடி என்றாள் கின்கா. காப்ரோவோ நகரத்தில் அவர்கள் இருந்த கட்டடத்து எல்லா வீட்டு நிலவறையிலும் ஒரு பீப்பாய் முட்டைக்கோஸ் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும். வயிற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான், சளிக்கும் அதுதான், முந்தின நாள் போதைக்கும் அதுதான். ராத்கா டிசம்பரிலிருந்து காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர் குடித்தாள். இறங்கும்போது குளுகுளுவென்று இருக்கும். பத்து நிமிடம் கழித்து எரியும். எரிந்தால் இன்னொரு டம்ளர்.

கடைசியில் டாக்டரிடம் போனாள். இதயத்துக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள், பழுதில்லை. எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதும், என் கைப்பட ஊறப்போட்ட கோஸ் தண்ணீர் என்று ராத்கா பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எரியிற அடுப்புல நீங்களே எண்ணெய ஊத்திட்டு வந்திருக்கீங்க."

வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறது என்று விளக்கினாள். கோஸ் தண்ணீர், தக்காளி மிளகாய் விழுது, பொரித்தது, சாராயம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். புதினா டீகூட சிலருக்கு ஆகாதாம். கட்டில் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வைக்கணும். விழுங்கும்போது அடைத்தாலோ, உடம்பு இளைத்தாலோ உடனே வரணும். இதெல்லாம் ராத்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் இடித்தது. படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

புருஷன் மின்ச்சோ டவுன் பஸ் ஓட்டுகிறவன். வீடு வர ஒன்பது மணி. முப்பத்திரண்டு வருடமாக அவன் வந்த பிறகுதான் இருவரும் உட்காருவார்கள். அவனுக்கு ஒரு சின்ன கிளாஸ் ரக்கியா என்ற பழச் சாராயம், அவளுக்கு அதில் பாதி, ஊறுகாய், பொரித்த மிளகாய், பன்றிக்கறி. பத்து மணிக்குப் படுக்கை. அவன் காலையில் நாலரைக்கு எழ வேண்டுமே.

ராத்கா கோஸ் தண்ணீரை நிறுத்தினாள், செங்கல்லும் வைத்தாள். எரிச்சல் பாதி குறைந்தது. மீதிப் பாதி ஒன்பது மணிச் சாப்பாட்டில் இருந்தது. முன்னாலேயே சாப்பிடுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தாள், ராத்திரி நாற்காலியை விட்டுக் கட்டிலுக்குப் போக முடியவில்லை. திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் கோழியும் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.

மின்ச்சோ வந்து மேசையைப் பார்த்தான். ஒரு தட்டுதான் இருந்தது.

"நான் என்ன லாட்ஜுலயா தங்கியிருக்கேன்? தனியா சாப்பிட?"

"நாலு மாசமா நெஞ்சு எரியுது, நாற்காலியில தூங்கறேன். அத ஒரு நாளாவது கேட்டியா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டான். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை ராத்கா வெந்நீர் டம்ளரோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மின்ச்சோ ஜன்னலோரத்திலிருந்து தட்டை மேசைக்குக் கொண்டுவந்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு மார்க்கெட் திருப்பத்துல ஒருத்தன் ஆட்டுக்குட்டியோட பஸ்ல ஏறிட்டான்," என்றான்.

"டிக்கெட் எடுத்தானா?"

"தனக்கு எடுத்தான். குட்டிக்கு எடுக்கல."

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் இருந்தாள். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தாள்.

காலையில் முகம் கழுவும்போது கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு பதிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அசதி ஒன்றும் போய்விடவில்லை, நாலு மாத அசதி ஒரே தூக்கத்தில் போகுமா? சாவியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். மின்ச்சோ இன்னும் கோஸ் தின்கிறான். கோஸ் கெடாமலிருக்க, பீப்பாய்த் தண்ணீரை யாராவது அடியில் பிடித்து மேலே ஊற்றித்தானே ஆக வேண்டும்.