கண்ணைப் பாருடா

என் தம்பி யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாவிடம்கூட அவள் காதோரத்தைப் பார்த்துத்தான் பசிக்கிறது என்பான். வளர்ந்து ஆளான பிறகு ஒரு டாக்டரம்மா அது ஆட்டிசத்தில் ஒரு வகை, ஆஸ்பெர்கர் என்று பெயர் சொன்னார். அவன் வேலை பார்த்த பட்டறையில் அதற்கு முன்பே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ரசமட்டம். கதவும் கம்பி ஜன்னலும் பொருத்துவது அவன் வேலை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவான். யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னாலும் அப்படித்தான், திருத்தாமல் அவனுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது.

அவன் ஜன்னல் மாட்டிய ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனது. வீட்டுக்காரர் துணிக்கடை முதலாளி. கடை பெரியது, மனசு கைக்குட்டை அளவு. "முகத்தையே பாக்காம வேலை செஞ்சான், அப்பவே நினைச்சேன்" என்றார். போலீஸுக்கு அது போதும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அங்கே ஆளுக்கா பஞ்சம்?

ஸ்டேஷனில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை, பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"என் கண்ணைப் பாருடா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"பாத்தா நீங்க சொல்றது கேக்காது சார்," என்றான் தம்பி.

"திமிரா? பின்பக்க ஜன்னல் வழியாத்தானே உள்ள போனே?"

இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடுவானா அவன்?

"அது வழியா யாரும் போக முடியாது சார், நான் மாட்டினது. சமையலறைக் கதவுத் தாழ்ப்பாள்தான் லூஸ். வெளியிலிருந்து பலமா ஒரு தட்டு தட்டினா விழுந்துடும். அப்படித்தான் போக முடியும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் மேதாவிக்குக் கேஸே முடிந்துவிட்டது. திருடன் எப்படிப் போனான் என்று தெரியாமல் விழித்த கூட்டம், விளக்கிச் சொன்னவனையே திருடன் என்று எழுதிக்கொண்டது. உண்மை சொல்லிக் கெட்டாரும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தாரும் இல்லை என்று சொன்னவர் எந்த ஸ்டேஷன் படியும் ஏறியிருக்கமாட்டார்.

அந்தத் தாழ்ப்பாளை மாற்றச் சொல்லித் தம்பி அந்தத் துணிக்கடை முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தான். அதை அவர் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் ஜாமீன் கிடைக்கும், தம்பி வீட்டுக்கு வருவான். வீடு தேடிப் போய்க் கெஞ்சினேன். "எனக்கு ஞாபகமில்லைம்மா" என்றார். எந்தக் காலத்திலோ விற்ற துணியின் கரை நிறம்கூட மறக்காத மனிதர்!

எங்கள் வக்கீல் இன்னொரு தினுசு. டாக்டரம்மா சொன்னதைக் கோர்ட்டில் சொல்லுங்கள் என்றேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஜட்ஜ் கண்ணை நேராப் பாக்கச் சொல்லு. தப்பு செய்யாதவன்தான் கண்ணைப் பாப்பான்."

தம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டான். கோர்ட்டில் நீதிபதியையே இமைக்காமல் பார்த்தான், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பார்த்தான். கேள்வி கேட்டார்கள், பதில் சொல்லவில்லை. செஞ்ச தப்புக்கு வருத்தமே இல்லாமல் முறைக்கிறான் என்று சொல்லி ஜாமீன் கிடையாது என்றார் கனம் நீதிபதி. பார்க்காவிட்டால் திருடன், பார்த்தால் ரவுடி. இதற்குப் பெயர் நியாயமாம். தூ!

மாதக்கணக்கில் உள்ளே கிடந்தான். பிறகு வேறொரு வீட்டில் ஒருவன் கையும் களவுமாகப் பிடிபட்டான். முதலாளி வீட்டு நகை அவனிடம் இருந்தது. சமையலறைக் கதவைத் தட்டித் திறந்ததாக அவனே ஒப்புக்கொண்டான். தம்பியை விட்டார்கள். மன்னிப்பா? "இனிமேலாவது ஒழுங்கா இரு" என்று புத்தி சொல்லி அனுப்பினார் இன்ஸ்பெக்டர். அந்த வாயில் மண் விழ.

தம்பி இப்போது எல்லோர் கண்ணையும் பார்க்கிறான். பஸ்ஸில், கடையில், மாடிப்படியில். எதிரே இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை விடுவதில்லை. கீழ்வீட்டுக்காரி நேற்று வந்து, "உன் தம்பி முறைச்சு முறைச்சுப் பாக்கிறான், போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாள். அவளுக்கும் போலீஸ்தான் தெரிகிறது.

அவள் போன பிறகு தம்பிக்குச் சாப்பாடு போட்டேன். எதிரே உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தி என் கண்ணை நேராகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"என்னைப் பாக்க வேணாம்டா, நான் உன் அக்காடா," என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை.