லிவா சாலையில் மேர்த்தாவின் மஞ்சள்

2006 ஜனவரி. சத்வாவில் எங்கள் யூனிஃபார்ம் கடை வாசலில் அதிகாலை நாலரைக்கு ரோடு கம்பெனியின் பிக்கப் வந்து நின்றது. ஏற்றியது அறுபது மஞ்சள் ஜாக்கெட், ஒன்று பன்னிரண்டு திர்ஹம். லிவாவுக்குச் சற்று முன்னால் ரோடு போடும் ஒரு சைட்டுக்கு அவை போக வேண்டும். சரக்கை அனுப்பிவிட்டு நான் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்தும் லிவாவின் மணல் மலையைப் பார்க்காத ஒரே கீழக்கரைக்காரர் நீங்கள்தான் என்று மனைவி போனில் கிண்டல் செய்தது உறுத்திக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

டிரைவரை மோகன் சிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. ஐம்பது வயது, ராஜஸ்தானில் மேர்த்தா பக்கத்து ராஜபுத்திரர். எங்கள் பேச்செல்லாம் இந்தியில்தான்; தமிழில் எழுதுகிறேன். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மனிதர் வாயைத் திறக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு தாரிஃபில் நிறுத்தினோம். சாயா ஒரு திர்ஹம், அதில் பாதி சர்க்கரை. மார்ச்சில் மகளுக்குக் கல்யாணம் என்று அப்போதுதான் சொன்னார். லீவு கிடைத்துவிட்டதாம். டிக்கெட் எப்போது என்று மனைவி தினமும் போன் போடுகிறாளாம். சொல்லும்போது மீசைக்குள் சிரித்தார்.

தெற்கே திரும்பியதும் பனிமூட்டம் கவிந்தது. மதினத் ஸாயித் ஊரைத் தாண்டியபோது மணி ஏழே முக்கால். சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. திடீரென்று பிரேக் போட்டார். சாலையின் குறுக்கே மஞ்சள் மார்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தலை தெரியவில்லை, கால் தெரியவில்லை, சத்தமும் இல்லை. வேறு ஏதோ சைட்டின் ஆட்கள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மோகன் சிங் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்களைப் பொத்திக்கொண்டார்.

“போயாச்சா, பாய்?”

“போயாச்சு. ஏன் பயப்படுறீங்க?”

சொன்னார். 1790இல் மேர்த்தாவில் ராத்தோர் ராஜபுத்திரப் படையை மராத்தியர்கள் விடியற்காலையில் பீரங்கியோடு வந்து தாக்கினார்கள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் ராத்தோர் குதிரை வீரர்கள் மஞ்சள் உடுத்திக்கொண்டு துப்பாக்கி வரிசை மேலேயே பாய்ந்தார்கள். இவருடைய முன்னோர் ஒருவரும் அதில் போனார். அன்று முதல் இவர் குடும்பத்தில் ஆண்கள் மஞ்சளைத் தொடுவதில்லை. கல்யாணத்துக்குக்கூடச் சிவப்புத் தலைப்பாகைதான்.

“எத்தனை பேர் திரும்பி வந்தாங்க?” என்று கேட்டேன்.

“திரும்பி வர்றவன் அதை உடுத்த மாட்டான், பாய்.”

பின்னால் கிடந்த அறுபதில் பன்னிரண்டு டிரைவர்களுக்கு என்று ஆர்டரில் எழுதியிருந்தது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான்தான். சொல்லவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எட்டரைக்கு சைட். ஸ்டோர்கீப்பர் முருகேசன், புதுக்கோட்டைக்காரர், கட்டைப் பிரித்து விநியோகித்தார். கால் மணி நேரத்தில் என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணே, ஒங்களக் கூட்டியாந்த டிரைவரு மஞ்ச போடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இன்னையிலேர்ந்து டிரைவருக்கும் ரூல்ஸு. போடலேன்னா இன்னைக்கே விசா கேன்சலுங்குறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே.”

ஃபோர்மேன் ஜாதவ் சதாராக்காரர், மராத்தியர். வேறு நிறம் அனுப்பித் தருகிறேன் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, பாய். எங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தா மேர்த்தாவுல எதிர்ப்பக்கம் நின்னவர். ஆள் விழுந்த பிறகும் குதிரைங்க வந்துக்கிட்டே இருந்துச்சாம். அவர் வீடு திரும்பினதுலேர்ந்து எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுறதில்ல.” ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். “ஆனா டூட்டி டூட்டிதான். மகள் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு வேலையை விடுவாரா?”

விடவில்லை. மோகன் சிங் செருப்பைக் கழற்றினார். வாட்ச், மோதிரம், பர்ஸ் மூன்றையும் முருகேசனிடம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடு என்றார். முருகேசன் சிரித்தார்; பிறகு நிறுத்திக்கொண்டார். ஜாக்கெட்டை மாட்டியபோது ஜாதவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. சைட் டிப்பரில் இரண்டு நடை ஜல்லி அடித்தார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்ததும் யாருக்கு வைத்தீர்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்தார். நான் ஆசைப்பட்டு வந்த மணல் மலைக்கும் அவரே கூட்டிப்போனார். சிவந்த மணல், வீடு உயரமல்ல, மலை உயரம். எனக்கோ அதில் மனசு போகவில்லை. வண்டிக்குள் அசையாமல் இருந்த மஞ்சளையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு துபாய் கிளம்பினோம்.

“கழட்டிடுங்க, இங்க யாரு பார்க்கப்போறாங்க?” என்றேன்.

“போட்டாச்சு, கலாஸ். அவ்வளவுதான்” என்றார்.

தாரிஃபுக்கு முன்னால் அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மகளாக இருக்கும், எடுங்கள் என்றேன். மூன்றாவது முறை எடுத்தார். பழைய செட்; அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. மனைவிதான்.

“மோகன் சிங் இல்லீங்க” என்றார் இவர். “கூட வேலை பாக்குறவன் பேசுறேன்.”

குரலை மாற்றவில்லை. காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டு வந்த அதே குரல். இருபத்தாறு வருஷம் அவரோடு வாழ்ந்தவள், உடனே கண்டுபிடித்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அச்சா, பாய்சாப்” என்றாள் அவள், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு. “அவர் வந்தா, வீட்டுல தேடுறாங்கன்னு சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சத்வாவில் இறங்கியபோது நன்றி சொல்லத் திரும்பினேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை.